திறப்பு வைத்திருப்பவரின் களைப்பு

2014 மார்ச் மாதம், இலங்கைச் சிறைச்சாலைகள் திணைக்களம் புதிதாக எடுத்திருந்த அலுகோசு ஒருவருக்குத் தூக்குமேடையைக் காட்டினார்கள். பயிற்சி தொடங்கிச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. மேடையைப் பார்த்ததும் மனிதர் ஆடிப்போய்விட்டார். இந்த வேலை தனக்கு வேண்டாம் என்று சொல்லி விலகிக்கொண்டார். அவருக்கு முன் எடுக்கப்பட்ட இருவரும் சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வருவதை நிறுத்தியிருந்தார்கள். 1976 ஜூன் 23க்குப் பிறகு இந்த நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. ஆகவே அவர் செய்ய மறுத்தது, அநேகமாக ஒருநாளும் செய்ய நேராத ஒரு வேலை. மாதம் முடிந்தால் அரசாங்கச் சம்பளம். அதையும் விட்டு ஓடினாரே என்று அது ஒரு விநோதச் செய்தியாகவே உலகைச் சுற்றி வந்தது.

எனக்கு அதில் விநோதம் எதுவும் தெரியவில்லை. அந்த மனிதருடைய நரம்புகள் அவருக்கு உடனே, சந்தேகத்துக்கு இடமில்லாமல் பதில் சொல்லிவிட்டன. இடுப்பில் திறப்புக் கோர்வையோடு வேலை பார்க்கும் மற்றவர்களுக்கு அப்படியொரு தெளிவான நாள் வருவதில்லை. அவர்களுக்கு அதே பதில் பத்துப் பதினைந்து வருடங்களாகச் சிறுகச் சிறுக வருகிறது: நித்திரை குறைகிறது, பேச்சு குறைகிறது, போத்தல் கூடுகிறது. ‘இது என்ன ஜெயிலா?’ என்று வீட்டில் பிள்ளை கேட்கிற நாள் ஒன்று வருகிறது. இந்த அத்தியாயம் அந்த மெதுவான பதிலைப் பற்றியது.

நமுனுகுல மலையின் உயரம் 2,036 மீற்றர். அதன் சரிவுகளில் கிடக்கும் தோட்டங்களிலிருந்து பசறை வழியாகப் பதுளைக்கு இறங்குகிறவர்களில் பெரும்பாலானோர் ஆஸ்பத்திரிக்கோ கச்சேரிக்கோ நீதிமன்றத்துக்கோ போகிறவர்கள். இன்னும் கொஞ்சப் பேர், கையில் ஒரு பார்சலோடு, பதுளைச் சிறைச்சாலைக்கு ஆள் பார்க்கப் போகிறவர்கள். தோட்டத்து மக்களுக்குச் சிறை தூரத்து விஷயமாக ஒருபோதும் இருந்ததில்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தத்தை மீறித் தோட்டத்தை விட்டுப் போவதைக் குற்றமாக்கியது. பிடிபட்டால் மூன்று மாதம் வரை மறியல். 1921இல்தான் அந்தத் தண்டனைப் பிரிவுகள் நீங்கின. அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சிறை என்பது தோட்ட நிர்வாகத்தின் ஒரு பகுதியாகவே இயங்கியது. பிறகு வெலிக்கடை: 1983 ஜூலை 25, 27 ஆகிய இரு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். பிறகு நமது ஊவாவிலேயே, பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ: 2000 ஒக்டோபர் 25 காலையில், புனர்வாழ்வு முகாமில் வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர்கள் 25க்கும் மேற்பட்டோர் வெளியிலிருந்து வந்த கும்பலால் கொல்லப்பட்டார்கள். காவலுக்கு நின்ற பொலிஸார் தடுக்கவில்லை.

இந்த வரலாற்றோடு வாழும் ஒரு வாசகரிடம், சிறைக்காவலரின் மனக்களைப்பைப் பற்றிக் கொஞ்சம் யோசியுங்கள் என்று கேட்பது லேசான காரியமல்ல. அந்தப் படுகொலைகளைக் களைப்பு விளக்காது. அவற்றின் காரணம் அரசியலில் இருக்கிறது, அதை நரம்பியலுக்குள் ஒளித்துவைக்க நான் தயாரில்லை. ஆனால் படுகொலை இல்லாத சாதாரண நாட்கள் என்று ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அந்த நாட்களில் ஒரு கைதிக்கு மருந்து கிடைப்பதும் கிடைக்காததும், அடி விழுவதும் விழாததும், தாயிடமிருந்து வந்த செய்தி அவனிடம் போய்ச் சேருவதும், வார்ட்டின் கதவடியில் நிற்கும் ஒருவருடைய மனநிலையில் தங்கியிருக்கின்றன. கசிப்பு வழக்கில் அபராதம் கட்ட வழியில்லாமல் உள்ளே போகும் லயத்துப் பிள்ளைக்கு, நீதவானைவிட அந்த ஒருவர்தான் முக்கியம்.

அந்த ஒருவர் எத்தனை பேரைப் பார்த்துக்கொள்கிறார் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு 2020 டிசம்பரில் வெளியிட்ட சிறைச்சாலைகள் பற்றிய ஆய்வு, நாட்டுச் சிறைகள் தங்கள் கொள்ளளவைவிட 107 விழுக்காடு அதிகமாக நிரம்பியிருந்ததைக் காட்டியது. ஒருவர் படுக்கும் இடத்தில் இரண்டு பேருக்கும் மேல் என்று அர்த்தம். அம்பிகா சற்குணநாதன் தலைமையில் நடந்த அந்த ஆய்வு கைதிகளோடு நிற்காமல் உத்தியோகத்தர்களின் வேலை நிலைமைகளையும் பேசியது. நமது பத்திரிகைகள் அந்தப் பகுதியை அதிகம் கண்டுகொள்ளவில்லை. அறிக்கை வருவதற்குச் சில வாரங்களுக்கு முன், 2020 நவம்பர் 29ஆம் திகதி, கொவிட் பீதிக்கு நடுவே மஹர சிறைச்சாலையில் கலவரம் வெடித்து 11 கைதிகள் இறந்தார்கள். 2023 டிசம்பரில் தொடங்கிய ‘யுக்திய’ போதைப்பொருள் நடவடிக்கை ஆயிரக்கணக்கானவர்களை மேலும் உள்ளே தள்ளியது. பிடிக்கிறவர் பொலிஸ், அனுப்புகிறவர் நீதிமன்றம். இடமில்லை என்று சொல்லும் உரிமை சிறைக்காவலருக்கு மட்டும் இல்லை.

இந்தச் சுமை மனத்தை என்ன செய்கிறது என்று பார்க்க, இனி கலிபோர்னியாவுக்குப் போகலாம். 1971 ஓகஸ்ட். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் உளவியல் கட்டடத்து நிலவறையில் பிலிப் சிம்பார்டோ என்ற பேராசிரியர் ஒரு பொய்ச் சிறை அமைத்தார். மாணவர்களில் சிலர் காவலர், சிலர் கைதி. இரண்டு வாரம் நடக்க வேண்டிய பரிசோதனை ஆறாம் நாளே நின்றது. ‘யாருக்கும் அதிகாரம் கொடுத்தால் மிருகமாகிவிடுவார்கள்’ என்பதற்கு உதாரணமாக இந்தக் கதையை நம் பாடப்புத்தகம் வரை கொண்டுவந்துவிட்டார்கள். காவலர்களுக்குக் கடுமையாக நடக்கும்படி முன்கூட்டியே குறிப்புக் கொடுக்கப்பட்டது பின்னாளில் ஆவணங்களிலிருந்து வெளிவந்தது. ஆகவே அந்த முடிவை நான் நம்புவதில்லை. எனக்கு அக்கறை, அதை நிறுத்த வைத்த பெண்ணில். தலையில் பை கவிழ்த்து, வரிசையாகக் கழிப்பறைக்கு நடத்திச் செல்லப்பட்ட பையன்களைப் பார்த்துவிட்டு, இது தப்பு என்று சிம்பார்டோவோடு சண்டை பிடித்தவர் கிறிஸ்டினா மஸ்லாக். அப்போதுதான் கலாநிதிப் பட்டம் முடித்திருந்தார். அடுத்த வருடம் சிம்பார்டோவையே மணந்தார்.

சாதாரண மனிதர்கள் தங்கள் பொறுப்பில் உள்ளவர்களை எப்படி மனிதர்களாகப் பார்க்காமல் விடுகிறார்கள் என்ற கேள்வியோடு மஸ்லாக் அங்கிருந்து வெளியே போனார். தாதியர், மருத்துவர், சமூகசேவை ஊழியர், சிறைக்காவலர் என்று மனிதரை மனிதர் கையாளும் தொழில்களில் இருப்பவர்களைப் பேட்டி கண்டார். நியூயோர்க்கில் இலவச மருத்துவமனை ஒன்றில் வேலை செய்த ஹெர்பர்ட் ஃப்ரொய்டன்பெர்கர் 1974இல் ‘பர்ன் அவுட்’ என்று பெயர் சூட்டிய பணிச்சோர்வை, 1981இல் மஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் அளக்கக்கூடிய ஒன்றாக மாற்றினார்கள். 22 வினாக்கள், மூன்று அளவுகள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதைத் தன் நோய் வகைப்பாட்டில் சேர்த்தபோது, நோய் என்று சொல்லாமல் ‘தொழில்சார் நிலை’ என்றே எழுதியது. பிரச்சினை வேலையில் இருக்கிறது என்பதுதான் அதன் பொருள்.

முதல் அளவு உணர்ச்சி வறட்சி. காலையில் கண் விழிக்கும்போதே களைப்பு. இரண்டாவது, எதிரே நிற்பவர் ஆளாகத் தெரியாமல் போவது: பெயர் போய் இலக்கமாகிவிடுகிறார், இலக்கமும் போய் ‘அதுகள்’ ஆகிவிடுகிறார்கள். மூன்றாவது, நான் செய்வதால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்ற எண்ணம். இரண்டாவதை நாம் குணக்கேடு என்று நினைக்கிறோம். சில நேரம் குணக்கேடுதான். ஆனால் பல நேரம் முதலாவது வந்த பிறகு மனம் தன்னைக் காப்பாற்றப் போட்டுக்கொள்ளும் தடுப்பு அது. எல்லோருடைய அழுகையையும் கேட்க முடியாதவர் எவருடைய அழுகையையும் கேட்காமல் விடுகிறார். தடுப்பு கைதிக்கு எதிராகப் போடப்பட்டாலும் வீட்டுக்கும் கூடவே போகிறது.

சிறைக்காவலர்களைப் பற்றி உலகில் வந்த ஆய்வுகளை நெதர்லாந்தின் வில்மார் ஷௌஃபெலியும் மரியா பீட்டர்ஸும் 2000இல் தொகுத்துப் பார்த்தார்கள். கைதி தாக்குவானோ என்ற பயம்தான் பட்டியலில் முதலில் நிற்கும் என்று எதிர்பார்ப்போம். அவர்கள் முன்னிறுத்தியவை வேறு: என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பதில் தெளிவின்மை, வேலைப்பளு, ஓயாத மனித உரசல், சமூகத்தில் மதிப்பின்மை. பயமும் உண்டு. 2017 பெப்ரவரி 27இல் களுத்துறையில் சிறைச்சாலை பஸ் ஒன்றின் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஐந்து கைதிகளோடு இரண்டு சிறை உத்தியோகத்தர்களும் இறந்ததை அந்தத் தொழிலில் உள்ள எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அமெரிக்காவில் 2012இல் சிறைத்துறை ஊழியர்கள் 3,599 பேரிடம் வினாக்கொத்து நிரப்பிப் பார்த்ததில் 27 விழுக்காட்டினரிடம், போர்க்களத்திலிருந்து திரும்பியவர்களிடம் காணப்படும் அதிர்ச்சிப் பின்விளைவின் அறிகுறிகள் இருந்தன. அவர்களாகவே நிரப்பியது, மருத்துவர் பரிசோதித்ததல்ல. அப்படியிருந்தும் சின்னத் தொகையல்ல. உயிர்மாய்ப்பு அபாயம் மற்ற உழைக்கும் வயதினரைவிட 39 விழுக்காடு கூடுதல் என்று அங்கேயே 1997இல் இன்னோர் ஆய்வு சொன்னது.

சும்மா நின்று பார்த்துக்கொண்டிருக்கும் வேலையில் என்ன களைப்பு? தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண் இப்படிக் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ‘சும்மா பார்ப்பது’ மூளைக்கு லேசான வேலை இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படையின் ராடார் ஊழியர்கள் திரையில் தெரியும் புள்ளிகளைத் தவறவிட்டார்கள். நோர்மன் மக்வர்த் ஒரு கடிகார முள்ளை வைத்து அதைச் சோதித்தார். முள் சீராக நகரும். எப்போதாவது ஒரு முறை இரட்டைத் தாவல் தாவும். அதைக் கண்டால் பொத்தானை அழுத்த வேண்டும். 1948இல் வெளியான முடிவு: முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே கவனம் சரிகிறது. பின்வந்த ஆய்வுகள், இப்படி ஒன்றும் நடக்காததை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பது சலிப்பு மட்டுமல்ல, கடும் உழைப்பும் மன அழுத்தமும்தான் என்று நிறுவின. சிறைக்காவலரின் டியூட்டி அரை மணி நேரமல்ல. அவர் பார்த்துக்கொண்டிருப்பதும் முள்ளல்ல. தன்னைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும் நூறு ஜோடிக் கண்கள்.

உடம்பு இதற்குத் தரும் பதில் பழையது. ஆபத்து என்று மூளை சொன்னதும் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலினையும் கோர்ட்டிசோலையும் விடுகின்றன. இதயம் வேகமெடுக்கிறது, இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. ஆபத்து போனதும் எல்லாம் இறங்க வேண்டும். மணிக்கணக்காக ஆபத்து ‘வரலாம்’ என்ற நிலையிலேயே இருந்தால் அது முழுதாக இறங்குவதில்லை. நமுனுகுலையிலிருந்து பசறைக்கு இறங்கும் பஸ்ஸில், கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வரும் சாரதி கிடைத்தால், பாதி வழியில் ஒரு கருகல் வாடை வரும். பிரேக் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. அந்த வேலைதான் அதைத் தின்கிறது. இந்தத் தேய்மானத்துக்கு புரூஸ் மக்யூவன் 1993இல் கணக்கு வகுத்தார். இரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, நித்திரை ஆகியவற்றில் அது எழுதப்படுகிறது. இரவு டியூட்டி அதோடு சேரும்போது மோசம். 2007இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இரவுப் பணியைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவற்றின் பட்டியலில் வைத்தது.

அதிகாரம் இருப்பவருக்கு அழுத்தம் குறைவு என்பார்கள். ரொபர்ட் கராசெக் 1979இல் காட்டியது கொஞ்சம் நுட்பமானது: வேலை கடுமையாக இருப்பது மட்டும் ஆளை வீழ்த்தாது, வேலை கடுமையாகவும், அதை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை இல்லாமலும் இருக்கும்போதுதான் வீழ்த்தும். சிறைக்காவலர் சரியாக அந்த மூலையில் நிற்கிறார். கைதிக்கு மேலே அவர். அவருக்கு மேலே சார்ஜன்ட், ஜெயிலர், பிரதான ஜெயிலர், அத்தியட்சகர். தோட்டத்தில் இந்த இடம் யாருக்குத் தெரியாது? துரையிடம் ஏச்சு வாங்கி, அதை மலையில் கொண்டுவந்து இறக்கி, இரவில் அதே லயத்துக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்க வேண்டிய கங்காணியின் இடம் அது.

கையில் இருப்பதாகத் தோன்றும் அந்த அதிகாரமும் முழுதல்ல. அமெரிக்காவின் ட்ரென்டன் சிறையில் இருந்து பார்த்து எழுதிய கிரஷம் சைக்ஸ் 1958லேயே இதைச் சொன்னார். ஆயிரம் பேரை அடித்து அடித்து ஒவ்வொரு நாளும் சமைக்கவும் கூட்டவும் வரிசையில் நிற்கவும் வைக்க முடியாது. கைதிகள் ஒத்துழைத்தால்தான் சிறை ஓடும். ஆகவே காவலர் பேரம் பேசுகிறார்: சின்ன விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டு பெரிய விஷயத்தில் அமைதி வாங்குகிறார். இந்தப் பேரம் சட்டப்புத்தகத்தில் இல்லை. அது இல்லாமல் ஒரு நாளும் போகாது. பிடிபட்டால் தண்டனை அவருக்குத்தான். பொறுப்புக்கும் விதிக்கும் நடுவில் தினமும் இப்படி நின்றால் மூன்றாவது அளவு, அதாவது பயனின்மை உணர்வு, ஏறாமல் என்ன செய்யும்?

அதோடு அலிசன் லீப்லிங் கவனித்த ஒன்றும் சேர்கிறது. நல்ல சிறைக்காவலரின் திறமை, தன் அதிகாரத்தைப் பயன்படுத்தாமல் விடுவதில் இருக்கிறது என்று இங்கிலாந்துச் சிறைகளில் பல வருடம் இருந்து பார்த்த அவர் எழுதினார். சாப்பாட்டு வரிசையில் ஒரு முறைப்பு சண்டையாகும் முன் ஒரு பகிடி விட்டுத் தணிக்கிறார். கடிதம் வராத ஒருவனை மாலையில் வேறு வேலைக்கு அழைத்துக்கொள்கிறார். விளைவு: ஒன்றும் நடக்கவில்லை. நடக்காத ஒன்றைப் பதிவேட்டில் எப்படி எழுதுவது? பறித்த கொழுந்தை நிறுத்துக் கிலோ சொல்லலாம்; தடுத்த சண்டைக்குத் தராசு கிடையாது.

2002இல் பிபிசி ஒளிபரப்பிய ஒரு பரிசோதனையை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். அலெக்ஸ் ஹஸ்லம், ஸ்டீவ் ரைக்கர் என்ற இருவர் 15 ஆண்களைக் கொண்டு மறுபடி ஒரு பொய்ச் சிறை நடத்தினார்கள், இம்முறை காவலர்களுக்கு எந்தத் தூண்டுதலும் இல்லாமல். மனநிலையை வினாக்களாலும் கோர்ட்டிசோலை எச்சிலாலும் அளந்துகொண்டே போனார்கள். காவலர்களுக்கு நல்ல சாப்பாடு, நல்ல அறை. ஆனால் எப்படி நடந்துகொள்வது என்று அவர்களுக்குள் ஒத்துவரவில்லை. ஒருவர் கடுமை என்றால் இன்னொருவர் வெட்கப்பட்டார். கைதிகளோ சேர்ந்துகொண்டார்கள். சோர்ந்து எரிந்துபோனது காவலர்கள் பக்கம். வசதி அல்ல, கூட நிற்பவர் இருக்கிறாரா என்பதுதான் ஆளைத் தாங்கியது.

இனி சமாளிப்பது பற்றி. இதில் நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் தவறு ஒன்று உண்டு. கலவரமோ சிறைக்குள் உயிர்மாய்ப்போ நடந்த மறுநாளே பார்த்த எல்லோரையும் ஒரு மண்டபத்தில் உட்காரவைத்து, பார்த்ததை விலாவாரியாகச் சொல்லச் சொல்லும் பழக்கம் உலகெங்கும் பரவியிருந்தது. அந்த ஒற்றை அமர்வு அதிர்ச்சிப் பின்விளைவைத் தடுக்கவில்லை, சிலருக்குக் கூட்டவும் கூடும் என்று கொக்ரேன் மதிப்பாய்வு 2002இல் முடிவு செய்தது. அன்றைக்குத் தேவை ஓய்வு, தேநீர், வீட்டுக்குத் தகவல், தானாகப் பேச வந்தால் கேட்க ஒரு ஆள். வாரங்கள் கழிந்தும் கனவும் நடுக்கமும் விடாவிட்டால் அப்போது பயிற்சி பெற்றவரிடம் போக வேண்டும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். சீருடைக்காரர் என்பதற்காக வெட்கப்பட அங்கே ஒன்றுமில்லை.

தனியாளாகச் செய்யக்கூடியதில் ஆய்வின் ஆதரவு உள்ள ஒன்று, வேலையை மனத்திலிருந்து கழற்றுவது. ஜெர்மனியின் சபீனா சொன்னென்டாக் இதை வருடக்கணக்கில் ஆராய்ந்தவர். வேலை முடிந்த பிறகும் வேலையையே அசைபோடுபவருக்கு, எத்தனை மணி நேரம் கட்டிலில் கிடந்தாலும் களைப்பு ஆறுவதில்லை. வேறு ஏதாவது கற்றுக்கொள்வது, தோட்டம் போடுவது, பந்தாடுவது போன்றவை வெறும் படுத்திருத்தலைவிட நன்றாக ஆற்றுகின்றன. சாராயம் கழற்றுவது போலத் தோன்றும்; ஆனால் நித்திரையின் இரண்டாம் பாதியை அது உடைத்துவிடுகிறது. மதிலை ஒட்டிய குவாட்டர்ஸில், அதே மணிச் சத்தம் கேட்டுக்கொண்டு இருப்பவர்களுக்கு இந்தக் கழற்றல் கடினம். அவர்களுக்கு லீவு என்பது ஊருக்குப் போவதாக இருந்தால்தான் லீவு.

பதுளையில் இன்னொன்றும் உண்டு. மாவட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் தமிழர். சிங்களம் மட்டும் தெரிந்த காவலரும் தமிழ் மட்டும் தெரிந்த கைதியும் எதிரெதிரே நிற்கும்போது, லீப்லிங் சொன்ன அந்தப் பகிடி சாத்தியமில்லை. மிஞ்சுவது சைகையும் சத்தமும். பேச்சால் தணிக்கத் தெரியாதவர் குரலால் தணிக்கப் பார்க்கிறார். அன்று மாலை தொண்டையும் மனமும் சேர்ந்து வறண்டுவிடும். இரண்டாம் மொழி வகுப்பை நாம் மொழி உரிமை என்ற கணக்கில்தான் பேசி வந்திருக்கிறோம். பேச வேண்டியதுதான். காவலரின் இரத்த அழுத்தக் கணக்கிலும் அதற்கு ஒரு பத்தி உண்டு. நோர்வேயில் சிறைக்காவலர் ஆக இரண்டு வருடம், சம்பளத்தோடு, படிக்க வேண்டும். மனிதர்களோடு எப்படிப் பேசுவது என்பதும் அந்தப் படிப்பில் ஒரு பகுதி. அவர்களுடைய பணம் நம்மிடம் இல்லை என்பது உண்மை.

பணமில்லாமல் செய்யக்கூடியதற்கு யூட்டா மாநிலத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. உப்பு ஏரிக்கரையில் பொட்டாஷ் எடுக்கும் தொழிற்சாலை ஒன்றில் தொழிலாளர்கள் வாரத்துக்கு ஒரு முறை ஷிஃப்ட் மாறினார்கள், அதுவும் பின்னோக்கி: இரவு, பிறகு மாலை, பிறகு காலை. மனித உடலின் கடிகாரம் நேரம் பிந்துவதைத் தாங்கும், முந்துவதை எளிதில் தாங்காது. சார்ள்ஸ் சைஸ்லரும் கூட்டாளிகளும் வரிசையைத் திருப்பினார்கள்: காலை, மாலை, இரவு. மாற்றத்தை மூன்று வாரத்துக்கு ஒரு முறையாக்கினார்கள். 1982இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான முடிவின்படி ஆட்களின் திருப்தி கூடியது, வேலையை விட்டுப் போவது குறைந்தது, உற்பத்தியும் உயர்ந்தது. அவர்கள் தொட்டது டியூட்டிப் பட்டியலை மட்டும். சிறைச்சாலைகளில் அந்தப் பட்டியலைப் போடுபவர் பெரும்பாலும் ஒரு ஜெயிலர். அவர் கேட்க வேண்டிய அனுமதி அத்தியட்சகருடையது. ஆள் பற்றாக்குறையில் அதுவும் கஷ்டம் என்பார்கள். இருக்கிற அதே ஆட்களை வைத்துக்கொண்டு, இரவு முடித்துக் காலையில் இறங்கும் ஒருவரை அன்று மாலையே திரும்ப அழைக்காமல் இருக்க முடியுமா என்பதை ஒரு மாதப் பட்டியலை மேசையில் விரித்து வைத்து முதலில் பார்க்கலாம்.